ஆல்காட் பஞ்சமர் பள்ளிகள்

ஆல்காட் பஞ்சமர் பள்ளிகள், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் தொடங்கி, சென்னையின் தென்புறச் சேரிகளில் நடந்த இலவசத் தொடக்கப் பள்ளிகள். பிரம்மஞான சபையின் முதல் தலைவர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் (1832–1907), அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய ஊரூரில் 1894இல் முதல் பள்ளியைத் திறந்தார். கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை என்று பின்னர் ஐந்தாயின. ‘பஞ்சமர்’ என்றால் நால்வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஐந்தாமவர். அன்றைய அரசுக் காகிதங்களில் புழங்கிய சொல். 1922இல் சென்னை அரசு அதைக் கைவிட்டு ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரை ஏற்றது.

இன்று ஒரு கிரவுண்டு பல கோடிக்கு விலைபோகும் இந்த இடங்களில் பல அப்போது வயலும் தோப்புமாகக் கிடந்தன. அடையாற்றின் தென்கரை செங்கல்பட்டு மாவட்டம். தி. நகர் இருக்கும் இடத்தில் ஏரி. அதைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை எழுப்பினார்கள். நிலம் மிராசுதார்களுடையது, உழைப்பு சேரியுடையது. ‘படியாள்’ என்ற சொல்லே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: கூலியைக் காசாகக் கொடுப்பதில்லை, படியால் அளந்து தானியமாகக் கொடுப்பார்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சின்னக் கடன், அப்பனோடு மகனையும் அதே நிலத்தில் கட்டிப்போடும். பிள்ளை ஆறேழு வயதிலேயே மாடு மேய்க்கப் போய்விடுவான். கிடைப்பது பெரும்பாலும் ஒரு வேளைக் கூழ். பள்ளிக்கூடத்துக்கு வந்தால் அந்தக் கூழ் போயிற்று. சம்பளம் கேட்காத பள்ளியும் அந்தப் பிள்ளைக்கு இலவசமில்லை என்பதை இங்கே மனத்தில் வைக்க வேண்டும்.

செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய குறிப்பு, இந்த வாழ்க்கையை அரசின் மேசைக்குக் கொண்டுபோனது. குடிசை நிற்கும் மனையே மிராசுதார் கையில் இருந்ததால், முறைத்துக்கொண்டால் ஊரை விட்டே கிளம்ப வேண்டிய நிலை. அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்ததுதான் பஞ்சமி நிலம் என்று பின்னாளில் பெயர்பெற்ற நில ஒதுக்கீடு. அடுத்த ஆண்டே பஞ்சமர் கல்விக்கான அரசாணையும் வந்தது. ஊர்ப் பள்ளிகளின் வாசல் மட்டும் ஆணை வந்ததும் திறந்துவிடவில்லை. அதனால்தான் ஆல்காட்டின் பள்ளிகள் சேரிக்கு அருகிலேயே அமைந்தன.

ஆல்காட்டை ராணுவக்காரராகவும் இலங்கைப் பௌத்த மறுமலர்ச்சிக்காரராகவும் அறிந்தவர்களே அதிகம். அவரது முதல் தொழில் வேளாண்மை. நியூயார்க் அருகே வேளாண் பள்ளி நடத்தியவர். சர்க்கரைச் சோளப் பயிர் பற்றி 1857இல் ஒரு நூல் எழுதியவர். பின்னர் ‘நியூயார்க் ட்ரிப்யூன்’ நாளிதழில் வேளாண் பகுதியைக் கவனித்தவர். உழவு தெரிந்த ஒருவர் உழவுக்கூலிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அவர் வகுத்த பாடத்திட்டத்தில் உழவரின் கணக்குப் பார்க்கும் புத்தி தெரிகிறது.

தமிழில் எழுத, படிக்க, கணக்குப் போட, கொஞ்சம் ஆங்கிலம், தையல், சமையல். கொடுக்கல் வாங்கலில் ஏமாறாமல் இருக்கவும் இன்னும் கொஞ்சம் நல்ல வேலைக்குப் போகவும் இவ்வளவு போதும் என்பது அவர் கட்சி. 1902இல் வெளியிட்ட ‘தி புவர் பறையா’ என்ற சிறுநூலில் இதை வாதாடியிருக்கிறார். மதம் மாற்றுவது நோக்கமில்லை என்பதிலும் தெளிவாக இருந்தார். நல்லெண்ணத்தில் குறையில்லை, எல்லைக்கோட்டில்தான் குறை: சேரிப் பிள்ளை எதுவரை படிக்கலாம் என்பதை இன்னொருவர் முடிவுசெய்கிறார். கற்பித்த முறையோ காலத்துக்கு முந்தியது. அமெரிக்க ஆசிரியை சாரா பாமர் மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் கிண்டர்கார்ட்டன் முறை இங்கே இடம்பெற்றது. ஜெர்மானியர் ஃப்ரோபெல் வகுத்த அந்த முறையில் பந்து, குச்சி, களிமண் எல்லாம் பாடப்பொருள். வரப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் களிமண் பிசைய யார் சொல்லித்தர வேண்டும்?

பள்ளிகளின் பெயர்கள் சபையின் மனத்தைக் காட்டுபவை. கோடம்பாக்கம் பள்ளி சபையை ஆல்காட்டோடு சேர்ந்து நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையார் நினைவாக, தேனாம்பேட்டைப் பள்ளி சபையின் தொடக்ககால உறுப்பினர் தாமோதர் மாவலங்கர் பெயரால், இன்னொன்று அன்னி பெசன்ட் பெயரால். மயிலாப்பூர்ப் பள்ளிக்கு மட்டும் திருவள்ளுவர். வள்ளுவர் மயிலையில் பிறந்தவர், தங்கள் குலத்தவர் என்று சொல்லிவந்த மக்களின் பிள்ளைகளுக்கு அது வெறும் பெயர்ப்பலகை அல்ல.

இராயப்பேட்டையில் சித்த வைத்தியம் பார்த்துவந்த அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) ஆல்காட்டோடு நெருங்கிப் பழகியவர். 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் பெற்று வந்து சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார்; அந்தப் பயணத்துக்கு ஆல்காட் துணைநின்றார். ஆல்காட் அடையாறில் காலமான அதே 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைக் கொண்டுவந்தார். ஒருவர் சேரிக்கு அரிச்சுவடி கொடுக்க நினைத்தார். மற்றவர், தம் மக்கள் முன்பே கல்வியில் சிறந்தவர்கள், அது பறிக்கப்பட்டது என்று வரலாற்றையே திருப்பி எழுதினார்.

பள்ளிக்கு வந்தால் கூழ் போய்விடும் என்ற பிரச்சினைக்கு விடை இன்னொரு திசையிலிருந்து வந்தது. 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவிய திட்டத்தால், 1922–23இல் 811 ஆக இருந்த அப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1924–25இல் 1,671 ஆனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோறு போடக் கூடாது என்று அரசு சொல்லிவிட, 1925இல் திட்டம் நின்றுபோய், பிறகு மீண்டது. ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகருக்கு வைத்த பெயர் அந்தத் தியாகராயருடையதே.

ஐந்து பள்ளிகளில் ஊரூர்ப் பள்ளி இன்று பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. தமிழ் வழி, கட்டணம் கிடையாது, சாப்பாடு உண்டு. பக்கத்துக் கடற்கரைக் குப்பத்தின் பெயரும் ஊரூர் ஆல்காட் குப்பம்தான். சுற்றுவட்டாரத்தில் வயல் ஒன்றுகூட மிச்சமில்லை. மீனவர், வீட்டு வேலை செய்வோர், தினக்கூலிகள் ஆகியோரின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.