‘முழுகாமலிருத்தல்’: ஒரு வழக்கின் வரலாறு

வண்டலூரிலிருந்து வாலாசாபாத் செல்லும் சாலையில் அமைந்துள்ள படப்பை, பழந்தமிழ்ச் சொல் ஒன்றையே பெயராகத் தாங்கி நிற்கும் ஊராகும். மனையை அடுத்த தோட்டத்தையும் கொல்லையையும் சங்க நூல்கள் படப்பை என வழங்கும். இன்று அவ்வூர் தொடங்கி ஒரகடம் வரை தோட்டங்கள் அருகித் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. எனினும், அப்பக்கத்து முதிய மகளிர் கருவுற்ற பெண்ணைக் குறித்துப் பேசுங்கால், ‘அவள் முழுகாமல் இருக்கிறாள்’ என்று கூறுவதை இன்றும் கேட்கலாம். தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் பயில்வதாகிய இவ்வழக்கு அகராதிகளிலும் இடம்பெற்றுள்ளது. இதன் உட்பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூப்பெய்திய மகளிர் மூன்று நாள் ஒதுங்கியிருந்து, பின் தலைமுழுகி மனையகம் புகுதல் பழைய வழக்கம். புறநானூற்றில் பொன்முடியார் பாடிய செய்யுளொன்றில், முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது ஒதுங்கி நிற்கும் மகளிர் உவமையாக வருதலின், ஒதுங்குதலின் தொன்மை புலனாகும். முழுகாமையால் விலக்கு வாராமை உணரப்படுகிறது. விலக்கு வாராமையால் கரு உணரப்படுகிறது. இவ்வாறு இரண்டு அனுமானங்கள் ஒரு சொல்லுள் அடங்கியுள்ளன. இவற்றுள் முதலாவது ஊரறியக் கூடியது. குளித்தல் கிணற்றங்கரையிலோ குளத்திலோ நிகழ்வது. மாமியும் அயலாரும் காண்பது. ஆகவே பெண்ணின் உடற்கணக்கை அவளினும் முன்னர்ப் பிறர் வைத்திருந்தனர் எனல் பொருந்தும்.

இரண்டாம் அனுமானமே இடர்ப்பாடு உடையது. கருவின்றியும் விலக்கு நிற்பதுண்டு. கருவுற்ற பின்னும் குருதி தோன்றுவதுண்டு. முன்னதைச் சூதகக்கட்டு என்றும், அளவிறந்து போதலைப் பெரும்பாடு என்றும் நாட்டு மருத்துவம் பெயரிட்டு வழங்கியது. (பன்னிரண்டு ஆண்டு குருதிப்போக்கால் வருந்திய பெண்ணைப் பற்றிய விவிலியப் பகுதியைத் தமிழாக்கியோரும் பெரும்பாடு என்னும் சொல்லையே ஆண்டனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.) ஆயின் கருக்கொண்ட தொடக்க மாதங்களில் தோன்றும் குருதிக்கு மக்கள் வழக்கில் தனிப்பெயர் யான் கேட்டதில்லை. கருவுற்ற மகளிருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு அது தோன்றும் என்பது இற்றை மருத்துவர் கணக்கு. அத்தகையாள் முழுகியிருப்பாள், வீட்டார் கணக்கும் ஒரு மாதம் பிந்தித் தொடங்கியிருக்கும். பிள்ளை ‘முன்னதாக’ப் பிறந்தபோது ஐயம் யார்மேல் விழுந்திருக்கும் என்பதைக் கூற வேண்டுவதில்லை. மாறாக, நோயாலோ உடல் மெலிவாலோ விலக்கு நின்ற கைம்பெண்ணும் கன்னியும் அதே சொல்லால் பழிக்கு ஆளாயிருப்பர்.

தொல்காப்பியக் கற்பியலும் நாட்கணக்கு ஒன்றைக் கூறுகிறது. பரத்தையிற் பிரிந்த தலைவனாயினும், தலைவி பூப்பெய்தியபின் 12 நாள் அவளை நீங்கி உறைதல் ஆகாது என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் முதல் மூன்று நாளைக் கூட்டத்திற்கு விலக்கிப் பொருள் கூறுவர். சப்பானிய மருத்துவர் ஒகினோவும் ஆத்திரிய மருத்துவர் நாசும் 1920களில் கண்ட உண்மை வேறு வகையில் அமைந்தது. சினைமுட்டை வெளிப்படுவது அடுத்த பூப்புக்கு ஏறத்தாழ 14 நாள் முன்னர் என்றனர். அதாவது, கணக்குப் பின்னிருந்து முன்னோக்கிச் செல்வது. 28 நாளுக்கு ஒருமுறை தவறாது பூப்பெய்துவார்க்கு இரு கணக்கும் ஓரளவு ஒத்து வரும். நாள் மாறி வருவார்க்குத் தொல்காப்பியர் கணக்கு உதவாது. பழந்தமிழர் சினைமுட்டையின் இயல்பை முன்னரே அறிந்திருந்தனர் என்பார் இவ்வேறுபாட்டை நோக்குவாராக.

குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் நிறைந்த கார்மேகத்திற்குப் புளிச்சுவை விரும்பும் சூல்மகளிரை உவமை கூறுகிறார். அங்குச் சுமக்கும் காலம் 12 திங்களாகச் சொல்லப்படுகிறது. மேகத்தின் ஆண்டுச் சுற்றை நோக்கி எழுந்த எண் அது எனக் கொள்வதே நேரிது. எனினும், இறுதியாக முழுகிய நாளிலிருந்து எண்ணும் மகளிர் கணக்கில், கருவிற்கு முன்னரே விலக்குத் தடைப்பட்டிருப்பின், 12 மாதம் என்பதும் வியப்பன்று. இஃது ஊகமேயாதலின் வற்புறுத்தவில்லை.

இவ்வழக்கில் பொதிந்த அனுமானம் கிணற்றங்கரையோடு நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது மாத்திரை வடிவமே பெற்றது. ஈசுட்ரோசன், புரோசெசுட்டோசன் என்னும் இயக்குநீர்களை மிகுதியாகச் சேர்த்துச் செய்த மாத்திரையை உண்டபின் குருதி தோன்றின் கருவில்லை. தோன்றாவிடின் கருவுண்டு என்றனர். முழுகினாளா, இல்லையா என்னும் பழைய வினாவே இது. இசபெல் கால் என்னும் மருத்துவ அம்மையார், இம்மாத்திரைக்கும் குழந்தைகளின் பிறவிக் குறைக்கும் தொடர்பு இருக்கலாம் என 1967இல் எழுதினார். பிரித்தானியாவில் பிரிமோடாசு என்னும் மாத்திரை 1978இல் விற்பனையினின்று நீக்கப்பட்டது. நம் நாட்டிலோ இவ்வகை மருந்து கருவறியவும், நின்ற விலக்கை வருவிக்கவும், கருக்கலைக்கும் என்னும் தவறான நம்பிக்கையாலும் உண்ணப்பட்டு வந்தது. 1982இல் அரசு தடை விதித்தது. உற்பத்தியாளர் கல்கத்தா, பம்பாய் உயர்நீதிமன்றங்களை நாடித் தடையை நிறுத்திவைத்தனர். மகளிர் அமைப்புகளும் மருத்துவ ஆர்வலரும் போராடிய பின்னரே 1988இல் தடை உறுதியாயிற்று. பிறவிக் குறைக்கு இம்மருந்தே காரணம் என்பதற்குப் போதிய சான்றில்லை எனப் பிரித்தானிய வல்லுநர் குழு 2017இல் கூறியது. ஆயினும் 1967இலேயே அதனை நீக்கியிருத்தல் வேண்டும் என 2020இல் வெளிவந்த மற்றோர் அறிக்கை உரைத்தது.

இன்று சிறுநீரில் கருவின் இயக்குநீரைச் சில மணித்துளிகளில் அறியும் பட்டை ஊர்தோறும் மருந்துக்கடையில் கிடைக்கிறது. குருதி தோன்றியதா என்னும் வினா அதற்கு வேண்டுவதன்று. ஆயினும் சொல் எளிதில் மாய்வதில்லை. படப்பையை அடுத்த விடுதிகளில் தங்கி, இரவு முறையிலும் தொழில் புரியும் இளமகளிர் பலர். உறக்கம் கெடுதலும், குருதிக்குறைவும், சினைப்பைக் கட்டிகளும், தைராய்டுக் கோளாறும் நாளை மாற்றக்கூடியன. அத்தகைய பெண்ணொருத்தி ஊர் திரும்பியபோது, ‘முழுகாமலா இருக்கிறாய்?’ என்று பாட்டி கேட்டதையும், ‘இல்லை ஆயா, நாள்தான் தள்ளிப் போயிருக்கிறது’ என்று அவள் விடை கூறியதையும் யான் நேரிற் கேட்டேன். ‘நாள் தள்ளிப் போதல்’ என்னும் தொடர் கருவைக் குறித்தும் வழங்குவதே. அப்பெண்ணோ அதனை அவ்வாறு ஆளவில்லை. நாள் தவறியதை மட்டும் கூறி நிறுத்திக்கொண்டாள்.