விஞ்ஞானப் பட்டதாரியும் உத்தியோகத் தெரிவும்

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்தாரிடை நெடுங்காலம் வழங்கிவந்த பழமொழி. கேட்போர்க்கு நகை விளைப்பதாயினும், இதன்கண் ஒரு சமுதாயத்தின் வரலாறு பொதிந்து கிடக்கின்றது. நிலவளம் குறைந்து ஆங்கிலக் கல்வி மிகுந்த நாட்டில், மாதந்தோறும் தவறாது வரும் வேதனமும் முதுமைக்குரிய ஓய்வூதியமும் குடும்பத்தின் காவலாய் விளங்கின. விஞ்ஞானம் கற்ற இளைஞனும் இவ்வழக்கிற்கு விலக்கல்லன். அவன் தன் தொழிலை எங்ஙனம் தெரிந்தான், அத்தெரிவினால் அறிவுலகு பெற்றது யாது என்பவற்றைச் சில சான்றுகள் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் தமிழகத்துச் சந்திரசேகர வேங்கட இராமனை நோக்குவோம். 1907இல் சென்னையில் முதுகலைப் பட்டம் பெற்ற இவர், அவ்வாண்டே நிதித்துறைப் போட்டித் தேர்வில் முதலிடம் எய்திக் கல்கத்தாவிற் கணக்கு அதிகாரியானார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. ஆராய்ச்சியையே தொழிலாகக் கொள்ள விரும்பிய இந்திய இளைஞனுக்கு அன்று வேதனத்தோடு கூடிய இடம் அரிதிலும் அரிது. எனினும், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் பௌபசார் வீதியில் இருந்தது. அலுவலகத்துக்குச் செல்லுமுன்னும் மீண்டபின்னும் ஆங்கு அவர் ஆய்வு செய்தார். 1917இல், பாலித் என்னும் வழக்கறிஞரின் நன்கொடையால் எழுந்த பௌதிகப் பேராசிரியர் பதவியை, முன்னையதினும் மிகக் குறைந்த வேதனத்திற்கு ஏற்றார். 1928இல் அவர் கண்ட ஒளிச்சிதறல் விளைவுக்கு 1930இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஈழத்தின் நிலையும் இதனை ஒத்ததே. 1921இல் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றும் வரை, விஞ்ஞான உயர்கல்வி வேண்டுவோர் பெரும்பாலும் கடல் கடக்கவேண்டியிருந்தது. மீண்டு வந்தோரைச் சிவில் சேவை ஈர்த்தது. உரும்பிராயிற் பிறந்து ஒக்ஸ்போட்டிற் கணிதத்தில் உயர்சிறப்புப் பெற்ற செ. சுந்தரலிங்கம் 1920இல் அச்சேவையிற் சேர்ந்தார்; ஆயின் அதில் நிலைத்திலர். ஆனந்தாக் கல்லூரியின் துணை அதிபராய்ப் பணியாற்றியபின், பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராய் அமர்ந்தார். பலரும் விழைந்த பதவியைத் துறந்து வகுப்பறையை நாடினமை அந்நாளில் எளிய செயலன்று.

இனி, நாட்டை நீங்கினோர் ஒரு சாரார். இராமனின் தமையனார் மகனான சுப்பிரமணியன் சந்திரசேகர், இந்தியச் சிவில் சேவையிற் சேரவேண்டுமெனத் தந்தையார் விரும்பினர். மகனோ 1930இற் கேம்பிறிட்ஜ் சென்றார். நோயுற்றிருந்த தாயார் அவரைத் தடுத்திலர். அடுத்த ஆண்டில் மகனைக் காணாமலே மறைந்தார். ஈழத்தவரான எலியேசர் கேம்பிறிட்ஜில் டிராக்கிடம் பயின்று, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியரானார். 1959இல் மலாயாவுக்கும், 1968இல் அவுஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார்.

இவர்தம் வரலாற்றைக் கூறி, ‘உத்தியோகத்தைத் துறமின்’ என மாணவர்க்கு உபதேசிப்பார் உளர். அது முழு உண்மையன்று. இராமன் பத்தாண்டு உத்தியோகத்திலிருந்தவாறே ஆராய்ந்தார். மாலையிற் கதவு திறந்திருந்த ஆய்வுகூடமும், ஒரு கொடையாளி நிறுவிய பேராசிரியர் பதவியும் இல்லையேல், அவர் துணிவு மட்டும் என் செய்யும்? தனியொருவனின் ஆற்றலோடு நிறுவனத்தின் ஆதரவும் கூடியவிடத்தே விஞ்ஞானத் தொழில் உருப்பெறுகின்றது என்க.

இக்கூற்றுக்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டா. குருணாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்தது கலேவெல. அவ்வீதியிலே தெற்கே இப்பாகமுவைக்கு அணித்தாய்ப் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் உளது; அது 1952இல் தோன்றியது. வடக்கே மகா இலுப்பள்ளமவில் வறண்ட வலயப் பயிர்களுக்கான நிலையம் உளது. இவற்றிற் பணியாற்றுவோர் அரசாங்க உத்தியோகத்தரே; விஞ்ஞானிகளும் அவரே. பழமொழியின் கோழியும் ஆய்வுகூடத்தின் குடுவையும் ஆங்கு பகை கொள்ளவில்லை. ‘பி.ஜி. 300’ என்னும் மூன்று மாத நெல்லையும், ‘பி.ஜி. 352’ என்னும் மூன்றரை மாத நெல்லையும் உழவர் அறிவர். அவ்வெழுத்துக்கள் பத்தலகொடவைக் குறிப்பன, அவ்வாறே ‘எம்.ஐ.’ என்பது மகா இலுப்பள்ளமவைக் குறிப்பது. ஓர் இனத்தை ஒட்டுச்சேர்த்துத் தெரிந்தெடுத்து வயலுக்கு விடப் பல்லாண்டுகள் கழியும். எனினும் விதைப்பையில் ஊரின் பெயரே நிற்கும். உழைத்தோர் பெயர் நில்லாது.

ஆதலின் பட்டம் பெற்று வெளியேறும் மாணவன், ‘எவ்வளவு வேதனம்?’ என்பதோடு வேறு மூன்றும் வினவுதல் நன்று. என் ஆய்வுக்கு அங்கே காலமும் கருவியும் உளவா? வழிகாட்டும் மூத்தோர் உளரா? பெயரின்றி உழைக்க என் உள்ளம் இசையுமா? இறுதி வினாவுக்கு அவன்தானே விடையிறுத்தல் வேண்டும். ஏனைய இரண்டுக்கும் விடையளிக்கவேண்டியோர் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் அரசையும் நடத்துவோரே. சிவில் சேவை 1963இல் ஒழிந்தது. அதன் கவர்ச்சி ஒழிந்திலது. நல்ல ஆய்வு நிலையங்கள் பல்கிய நாட்டிலேயே, ஓர் இளைஞன் தன் குடும்பத்தையும் தன் விஞ்ஞானத்தையும் ஒருசேரக் காத்தல் கூடும்.