வெட்டுக்கொடுத்து வென்ற இரண்டு ஆட்டங்கள்



2024 டிசம்பர் 12 அன்று நம் செந்தோசாத் தீவில், பதினெட்டு வயதுச் சென்னை இளைஞர் குகேஷ், சீனாவின் டிங் லிரெனை வென்று உலகச் சதுரங்க வாகையரானார். அதன்பின் குவீன்ஸ்டவுன் வட்டாரப் பெற்றோர் சிலர் சதுரங்க வகுப்புகள் பற்றி என்னிடம் விசாரிக்கத் தொடங்கினர். கூடவே ஓர் ஐயமும் எழுந்தது: "பழைய ஆட்டங்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களே, பிள்ளையின் சொந்தச் சிந்தனை மழுங்கிவிடாதா?" தமிழ் வகுப்பில் செய்யுள் மனனம் குறித்து எழும் அதே கேள்விதான் இது. விடையாக இரண்டு ஆட்டங்களின் வரலாற்றைக் கூற விரும்புகிறேன்.

முதல் ஆட்டம் 1907 டிசம்பரில், அந்நாளில் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த போலந்தின் லோட்ஸ் நகரில் நடந்தது. ரோட்லெவிக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டைன் கறுப்புக் காய்களுடன் ஆடினார். 22ஆம் நகர்த்தலில் அவருடைய ராணியைச் சிப்பாய் ஒன்று தாக்கி நின்றது. ராணி ஒன்பது சிப்பாய்களுக்குச் சமம் என்றே நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ரூபின்ஸ்டைனோ ராணியை நகர்த்தவில்லை. யானையால் எதிரியின் குதிரையை வெட்டினார். ராணி பறிபோயிற்று. அடுத்து, மற்றொரு யானையையும் எதிரியின் ராணி வெட்டக்கூடிய கட்டத்திலேயே கொண்டுபோய் வைத்தார். 25ஆம் நகர்த்தலில் எதிரி தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இதன் காரணம் எளிது. பிஷப் எனப்படும் மந்திரிகள் இரண்டும் இரு மூலைவிட்டங்களில் வெள்ளை ராஜாவின் இருப்பிடத்தைக் குறிவைத்திருந்தன. வழியை அடைத்து நின்றது வெள்ளையின் ஒரு மந்திரி. அதற்குக் காவல் குதிரையும் ராணியும். குதிரை வெட்டப்பட்டது, ராணி வேறிடத்துக்கு இழுக்கப்பட்டது, வழி திறந்தது.

இரண்டாம் ஆட்டம் 105 ஆண்டுகள் கழித்து, 2013 ஜனவரி 15 அன்று நெதர்லாந்தின் விக் ஆன் ஸீயில் நடந்தது. அப்போது உலக வாகையராக இருந்த விஸ்வநாதன் ஆனந்த், ஆர்மீனியாவின் லெவோன் ஆரோனியனுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடினார். 15ஆம் நகர்த்தலில் சிப்பாய் வெட்டக்கூடிய இடத்தில் தம் மந்திரியை வைத்தார். அடுத்த நகர்த்தலில், இரண்டு சிப்பாய்கள் வெட்டக்கூடிய இடத்தில் குதிரையை வைத்தார். ஆரோனியன் அவற்றை வெட்டவில்லை. வெட்டினால் ராஜாவை நோக்கிய வழிகள் திறந்துவிடும். பின்னர் அவர் யானை ஒன்றை வெட்டியபோதும் ஆனந்த் பதிலுக்கு வெட்டாமல், ஒரு சிப்பாயை அமைதியாக முன்னே நகர்த்தினார். 23ஆம் நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது.

இரு பலகைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கறுப்பு மந்திரிகள் அதே இரு மூலைவிட்டங்களில் நிற்கின்றன. வெள்ளை ராஜாவின் வாசலில், அதே கட்டத்தில், ஒரு கறுப்புக் குதிரை நிற்கிறது. சதுரங்க உலகம் ஆனந்தின் ஆட்டத்தை ரூபின்ஸ்டைனின் ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பேசியதற்கு இதுவே காரணம்.

இது நகலெடுத்தல் ஆகுமா? ஆகாது. தொடக்க நகர்த்தல்கள் வேறு. வெட்டுக்கொடுத்த காய்களும் வேறு. ரூபின்ஸ்டைன் ராணியையே கொடுத்தார், ஆனந்த் கொடுக்கவில்லை. அந்த அமைதியான சிப்பாய் நகர்த்தலுக்கு 1907ஆம் ஆண்டு ஆட்டத்தில் இணை இல்லை. காய்களின் பழைய அமைப்பு மட்டுமே மீண்டும் வந்தது. அதிலிருந்து வென்ற வழி ஆனந்தினுடையது.

ஆயினும் பெற்றோரின் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. நகர்த்தல்களை வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பலகை சற்றே மாறினாலும் வழி தெரியாது. எனவே 21ஆம் நகர்த்தலோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "எந்தக் காய் எதைக் காக்கிறது? காவலை நீக்கினால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பிள்ளை தானே தேடட்டும். பிறகு ரூபின்ஸ்டைனின் விடையைக் காட்டுங்கள். அப்போது மனத்தில் பதிவது நகர்த்தல் மட்டுமன்று, அதன் காரணமும்தான். செய்யுளுக்கும் இவ்வழி பொருந்தும்: மனனம் செய்த அடியின் கருத்தைத் தன் கட்டுரையில் பொருத்தமான இடத்தில் ஆளச் சொல்லுங்கள்.

ரூபின்ஸ்டைன் உலக வாகையராகவே இல்லை. 1914இல் லாஸ்கருடன் அவர் ஆடவிருந்த பட்டப் போட்டி முதல் உலகப்போரால் நின்றுபோனது. ஆனால் லோட்ஸ் நகரில் அவர் ஆடிய ஆட்டம் இன்றும் பயிலப்படுகிறது. உங்கள் வீட்டிலும் பலகையை விரித்து அதை ஒருமுறை ஆடிப் பாருங்கள்.