போரின் பின் வந்த பிணி

போர்க்களத்திலே முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றியது பழந்தமிழர் மரபு. அப்புண்ணைக் கண்டோர் அதனைப் பெற்றவனது வீரத்தை ஐயுறுவதில்லை. அது எங்கே, எப்பொழுது பட்டது என்று அவனிடம் சான்று கேட்பதுமில்லை. வடுவே சான்றாக நின்றது. ஆயின், இருபதாம் நூற்றாண்டின் போர்கள் வடுவில்லாத புண்களையும் தந்தன. மூச்சோடு உட்புகுந்த நஞ்சும், காப்பதற்கென்று கொடுக்கப்பட்ட மருந்தும் உடலினுள்ளே செய்த ஊறு, போர் ஓய்ந்து காலஞ் சென்ற பின்னரே வெளிப்பட்டது. அத்தகைய புண்ணைப் பெற்றவன் அது போரிலே பட்டதென்று எவ்வாறு மெய்ப்பிப்பான்? மெய்ப்பிக்கும் பொறுப்பு அவனுடையதா, அவனைப் போருக்கு அனுப்பிய அரசினுடையதா? 1991 ஆம் ஆண்டின் வளைகுடாப் போருக்குச் சென்று மீண்ட வீரரின் வரலாறு இவ்வினாவைச் சுற்றியே நடைபெற்றதாகும்.

1990 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 2 ஆம் திகதி ஈராக்கியப் படைகள் குவைத் நாட்டினுட் புகுந்தன. அங்கே தொழில் புரிந்து வந்த இலங்கையர் பல்லாயிரவர் தேடிய பொருளை இழந்து தாயகம் திரும்ப நேர்ந்தமையால், அந்நிகழ்ச்சியை இந்நாட்டவர் நன்கறிவர். ஐக்கிய அமெரிக்காவின் தலைமையிலே பல நாட்டுப் படைகள் சவூதி அரேபியாவில் திரண்டன. 1991 ஜனவரி 17 இல் வான்தாக்குதல் தொடங்கியது. பெப்ரவரி 24 இல் தொடங்கிய தரைப்போர் 100 மணித்தியாலங்களில் முடிவுற்றது. அமெரிக்காவிலிருந்து ஏறக்குறைய 697,000 பேரும், பிரித்தானியாவிலிருந்து 50,000 இற்கு மேற்பட்டோரும் அப்போருக்குச் சென்றனர். போர்ச்செயல்களில் உயிர் நீத்த அமெரிக்கர் 148 பேர். இத்துணைக் குறைந்த இழப்புடன் இத்துணைப் பெரிய வெற்றி கிட்டியதே என்று உலகம் வியந்தது.

ஆயினும் போருக்கு முன்னர் படைத்தலைவர்களை ஓர் அச்சம் வாட்டிற்று. ஈராக் ஈரானோடு நடத்திய நீண்ட போரிலே நச்சு வாயுவைப் பயன்படுத்தியிருந்தது. 1988 மார்ச் மாதத்திலே ஹலப்ஜா என்னும் குர்தியர் நகரத்தின் மீதும் அதனை ஏவியது. சாரின், சோமான் முதலிய நரம்பு நஞ்சுகள் தம் வீரர் மீதும் ஏவப்படுமாயின் யாது செய்வது என்பதே அவ்வச்சம்.

நரம்பு நஞ்சு தொழிற்படும் வகை அறியத்தக்கது. நரம்பானது தசைக்கு ஆணையிடும்பொழுது அசற்றைல்கோலின் என்னும் பொருள் சுரக்கின்றது. ஆணை நிறைவேறியதும் அப்பொருளை ஒரு நொதியம் சிதைத்துவிடும். தசை ஓய்வு கொள்ளும். நரம்பு நஞ்சு அந்நொதியத்தைப் பற்றிக்கொண்டு விடாது நிற்கும். அதனால், சுரந்த பொருள் சிதையாது தேங்க, தசைகள் ஓயாது துடித்துத் தளர்ந்து, முடிவில் மூச்சு அடங்கிவிடும். இதற்குக் காப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது பிரிடோஸ்ரிக்மின் புரோமைட்டு என்னும் மாத்திரை. இதுவும் அதே நொதியத்தையே பற்றுவது. ஆயின் சில மணி நேரத்தில் விட்டுவிடுவது. முன்னரே இதனை உட்கொண்டவனிடத்தில் நொதியத்தின் ஒரு பகுதி நஞ்சின் கைக்கு அகப்படாது எஞ்சும். தாக்குதலின் பின் மாற்று மருந்தும் கொடுத்தால் அவன் பிழைத்தல் கூடும். சிறு பகையைக் கொண்டு பெரும் பகையைத் தடுக்கும் உபாயம் இது. எட்டு மணிக்கு ஒருமுறை 30 மில்லிகிராம் என்ற அளவில், ஏறக்குறைய 250,000 அமெரிக்க வீரர் இம்மாத்திரையை உட்கொண்டனர்.

இம்மருந்து புதியதன்று. தசைத்தளர்ச்சி நோய் ஒன்றுக்கு வைத்தியர்கள் 1955 ஆம் ஆண்டு தொடக்கம் இதனைக் கொடுத்து வந்தனர். ஆயின், நோயில்லாத உடலுக்கு, அதுவும் நரம்பு நஞ்சுக்குக் காப்பாக, இதனைக் கொடுப்பதற்கு முழு அனுமதி அக்காலத்தில் இருக்கவில்லை. அத்தகைய ஆராய்ச்சி நிலை மருந்தைக் கொடுப்பதற்கு, பெறுபவனது அறிந்த சம்மதம் வேண்டும் என்பது சட்டம். 1990 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் போர்க்களத்துக்கெனத் தற்காலிக விதியொன்றை வெளியிட்டு, அச்சம்மதத்தைப் பெறாமலே மருந்து கொடுக்க வழிவகுத்தது. அதனை எதிர்த்து நீதிமன்றஞ் சென்ற வழக்கு, தரைப்போர் தொடங்கு முன்னரே தள்ளுபடியாயிற்று. ஆணை பிறந்தது, வீரர் விழுங்கினர்.

மாத்திரையோடு தடுப்பூசிகளும் சேர்ந்தன. ஏறக்குறைய 150,000 அமெரிக்க வீரருக்கு அடைப்பான் நோய்த் தடுப்பூசியும், ஏறக்குறைய 8,000 பேருக்குப் பொட்டுலினம் நஞ்சுக்கெதிரான ஊசியும் இடப்பட்டன. பிரித்தானிய வீரருக்கு அடைப்பான் தடுப்பூசி விரைந்து பயன்தரும் பொருட்டுக் குக்கல் இருமலுக்குரிய தடுப்பூசியும் உடன் இடப்பட்டது. பாலைவனத்து ஈக்களையும் மணற்பூச்சிகளையும் ஒழிக்கக் கூடாரங்கள் எங்கும் பூச்சிகொல்லி தெளிக்கப்பட்டது. ஈராக்கியர் பின்வாங்கும்பொழுது குவைத்தின் 600 இற்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ மூட்டினர். பகலை இருளாக்கிய அத்தீயின் கடைசிச் சுவாலை அணைக்கப்பட்ட நாள் 1991 நவம்பர் 6.

இவற்றுள் எவை, எவ்வளவு, எவருக்கு என்ற கணக்கு எங்கே? இதுவே பின்னர் எழுந்த துன்பத்தின் வேர். மாத்திரை உட்கொண்டமையைப் பெரும்பாலும் எவரும் பதியவில்லை. தடுப்பூசிகளின் பெயர் பகைவருக்குத் தெரியலாகாது என்ற காரணத்தால், பல ஏடுகளில் அவை இடம்பெறவில்லை. சம்மதமின்றிக் கொடுப்பதாயின் தகவல் வழங்குதலும் பதிவு பேணுதலும் வேண்டும் என்பது நிபந்தனையாயிருந்தும், அந்நிபந்தனைகள் சரிவரக் காக்கப்படவில்லை என்று அதே உணவு, மருந்து நிருவாகம் 1997 ஆம் ஆண்டில் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு எடுத்துரைத்தது.

போர் முடிந்து வீடு திரும்பியோரிற் பலர் ஓராண்டுக்குள்ளே நோயுற்றனர். தீராத களைப்பு, தலைவலி, மூட்டிலும் தசையிலும் வலி, மறதி, உறக்கமின்மை, தோலிற் கொப்புளம், குடற்கோளாறு ஆகியவை ஒருங்கே வந்தன. நேற்றுவரை சுமை தூக்கி ஓடிய இளைஞன் இன்று மாடிப்படி ஏற இளைத்தான். வைத்தியர் இரத்தத்தைச் சோதித்தனர், குறையொன்றுங் காணவில்லை. கதிர்ப்படம் எடுத்தனர், அதிலும் காணவில்லை. சோதனையில் அகப்படாத நோயை மனத்தின் சோர்வு என்று கூறுதல் எளிது. 1996 இறுதியில் ஜனாதிபதியின் ஆலோசனைக் குழு முடித்த அறிக்கையும், போர்க்கால மனவழுத்தம் முக்கியமான ஒரு காரணமாகலாம் என்றே உரைத்தது. நோயையும் அதன் முதலையும் நாடி அறிந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த முறை. இங்கோ, முதலை நாடுதற்கு வேண்டிய ஏடுகளே இல்லை. ஏடில்லாத குறை நோயாளியின் குறையாக எண்ணப்பட்டது.

கமிசியா என்னும் இடத்து நிகழ்ச்சி இதனை நன்கு விளக்கும். தென் ஈராக்கிலுள்ள அவ்விடத்து ஆயுதக் களஞ்சியத்தை 1991 மார்ச் 4 ஆம், 10 ஆம் திகதிகளில் அமெரிக்கப் பொறியியற் படையினர் வெடிவைத்துத் தகர்த்தனர். அங்கிருந்த எறிகணைகளுட் பல சாரின் நிரப்பியவை என்பதைத் தகர்த்தோர் அறியார். அதே ஆண்டு ஒக்டோபரில் ஐக்கிய நாடுகளின் பரிசோதகர் அங்கே சென்றனர். எனினும், தம் வீரர் அங்கே நஞ்சுக்கு உட்பட்டிருக்கலாம் என்பதைப் பாதுகாப்புத் திணைக்களம் ஒப்புக்கொண்டது 1996 ஜூன் மாதத்திலேயாம். முதலிற் சில நூறு பேர் என்றனர்; பின் 5,000 என்றனர்; பின் 20,000 என்றனர்; 1997 இல் ஏறக்குறைய 99,000 என்றனர்; 2000 ஆம் ஆண்டில் அது 100,000 ஐயுங் கடந்தது. ஐந்தாண்டுகளாக 'நஞ்சு எதுவும் இருக்கவில்லை' என்று கேட்டுப் பழகிய நோயாளியின் உள்ளத்தில், இந்த வளரும் எண்கள் எவ்வகை நம்பிக்கையை விதைத்திருக்கும்?

இது முதன்முறை நிகழ்ந்ததுமன்று. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் அமெரிக்காவிலே பாதுகாப்பு உடைகளையும் களிம்புகளையும் சோதிப்பதற்காக ஏறக்குறைய 60,000 படையினர் நச்சு வாயுச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். அவருள் 4,000 பேராயினும் கடுகுவாயு முதலியவற்றைப் பெருமளவில் ஏற்றனர். அதனை எவரிடமும் சொல்லலாகாது என்று ஆணையிடப்பட்டமையால், வைத்தியரிடமும் மனைவியரிடமும் சொல்லாமலே பலர் மாண்டனர். அவ்வாணை நீக்கப்பட்டது 1993 இலேதான். வியற்நாமில் 1962 முதல் 1971 வரை காடழிக்கத் தெளித்த மருந்திலே கலந்திருந்த டையொக்சின் நஞ்சின் பொருட்டும் வீரர் நெடுங்காலம் வாதாடினர். 1991 ஆம் ஆண்டுச் சட்டமே அதனை ஒரு வகையாகத் தீர்த்தது. குறித்த காலத்தில் குறித்த இடத்தில் இருந்தவனுக்குக் குறித்த நோய் வந்தால், அது போரால் வந்ததெனக் கொள்க என்பது அச்சட்டத்தின் கருத்து. தனித்தனியே மெய்ப்பிக்கும் சுமை நோயாளியின் தோளிலிருந்து இறக்கப்பட்டது.

வளைகுடா வீரர் வேண்டியதும் அதுவே. 1994 இல் இயற்றப்பட்ட சட்டம், பெயரிட முடியாத நோய்க்கும் ஈட்டுப்பணம் கொடுக்க இடமளித்தது. 1998 ஆம் ஆண்டுச் சட்டம், படையினரின் சம்மதமின்றி ஆராய்ச்சி மருந்து கொடுக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி ஒருவருக்கே உரியதாக்கியது. 2008 நவம்பரில், ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவின் பேரறிக்கை வெளிவந்தது. போருக்குச் சென்றோருள் நாலில் ஒரு பங்கினராயினும் இந்நோயுற்றனர் என்றும், அது மெய்யான நோய் என்றும், மனவழுத்தம் அதன் காரணமன்று என்றும் அக்குழு கூறியது. மாத்திரையும் பூச்சிகொல்லியுமே காரணமென்று அது சுட்டியது. சாரின் முதலியவற்றையும் விலக்கிவிட முடியாதென்றது. மாத்திரை, பூச்சிகொல்லிகளுட் பல, சாரின் ஆகிய மூன்றும் பற்றுவது முன்னர்க் கூறிய அந்த ஒரே நொதியத்தையே என்பதை இங்கு நினைவு கூர்தல் தகும். பகைவனது நஞ்சைத் தடுக்க எடுத்த உபாயம், அந்நஞ்சு சென்ற வழியிலேயே சென்றிருக்கின்றது.

ஒரே கூடாரத்தில் இருந்த இருவருள் ஒருவன் நோயுற, மற்றவன் நலமாயிருப்பது ஏன்? டெக்சஸ் பல்கலைக்கழக வைத்தியர் ரொபேட் ஹேலி குழுவினர் 2022 இல் இதற்கு ஒரு விடை கூறினர். நோயுற்றோர் 508 பேரையும் நலமுடையோர் 508 பேரையும் அவர்கள் ஒப்புநோக்கினர். சாரினைச் சிதைக்கும் மற்றொரு நொதியத்தை ஆக்கும் பரம்பரையலகு யாவரிடத்தும் ஒரே வகையினதன்று. நஞ்சுக்கு உட்பட்டோருள், சாரினைச் சிதைக்கும் வலிமை குறைந்த வகையை உடையோரே பெரிதும் நோயுற்றனர் என்பது அவர்கள் முடிவு. மறைவாக இருந்த வடு இவ்வாறு சிறிது சிறிதாகக் கண்ணுக்குப் புலப்படலாயிற்று. அறிஞர் யாவரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டனர் என்பதற்கில்லை. பல காரணங்கள் ஒருங்கே கூடின என்று கருதுவோரும் உளர்.

பிரித்தானியாவில் அரசு உத்தியோகபூர்வமாகப் பங்குகொள்ளாத நிலையிலும், பெரிக்கின் லொயிட் பிரபு தலைமையில் நடந்த சுதந்திர விசாரணை, வளைகுடாச் சேவையின் விளைவாகவே வீரர் நோயுற்றனர் என்று 2004 நவம்பரில் முடிவு கூறியது.

சட்டம் பிறந்தவுடன் துயர் தீர்ந்துவிடவில்லை. வளைகுடா நோய் பற்றிய கோரிக்கைகள், ஏனைய கோரிக்கைகளிலும் மூன்றில் ஒரு பங்கு வீதத்திலேயே ஏற்கப்பட்டன என்று அரசாங்கக் கணக்காய்வு நிறுவனம் 2017 இல் காட்டியது. 2022 ஓகஸ்ட் 10 இல் அமெரிக்காவில் கையொப்பமிடப்பட்ட விரிவான சட்டமொன்று, நஞ்சுக்கு உட்பட்ட வீரருக்குப் பல நோய்களை ஐயத்துக்கிடமின்றிப் போரால் வந்தனவாகவே கொண்டு, வளைகுடா வீரருக்கிருந்த காலவரையறையையும் நீக்கிற்று. போர் முடிந்து முப்பத்தோராண்டுகள் கழிந்திருந்தன. இருபது வயதிற் சென்றவன் ஐம்பதைக் கடந்திருந்தான்.

இவ்வரலாறு உணர்த்துவது யாதெனில், ஓர் அரசு தன் மக்களுக்கு ஆணையிட்டு மருந்து கொடுக்குமாயின், கொடுத்ததை எழுதி வைக்கும் கடமையும் அதற்குண்டு என்பதாம். எழுதாத கை தன்னுடையதாயிருக்க, எழுத்தைக் காட்டு என்று நோயாளியிடம் கேட்பது நீதியாகாது. பண்டை அரசர் தம் வீரரின் புண்ணைப் பாசறைக்கே சென்று பார்த்தனர் என்பர். கண்ணுக்குத் தெரியாத புண்ணைப் பார்ப்பதற்கு வேண்டியவை பேணப்பட்ட ஓர் ஏடும், நோயாளியின் சொல்லைக் கேட்கும் ஒரு செவியுமேயாம்.