ஒரு பகலின் போர்கள்: 1942 ஏப்பிரல் 9

இரண்டாம் உலகப் போரின் வரலாற்றை எழுதுவோர் அதனைப் போர்முனை போர்முனையாகப் பிரித்தே எழுதுவது வழக்கம். பசிபிக்கின் கதை ஓர் அத்தியாயம். உருசியாவின் கதை வேறோர் அத்தியாயம். மத்தியதரைக் கடலின் கதை மற்றுமோர் அத்தியாயம். கற்பதற்கு இம்முறை எளிது. ஆயினும், இவையனைத்தும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை என்பதை அது மறக்கச் செய்துவிடுகிறது. எனவே ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, சூரியன் செல்லும் வழியே கிழக்கிலிருந்து மேற்காக உலகைச் சுற்றி வருதல் பயன் தரும். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், வியாழக்கிழமை, அதற்குப் பொருத்தமான நாள். இலங்கைக்கும் அந்நாளிற் பங்குண்டு.

பிலிப்பைன்ஸ் நாட்டில் அன்று விடிந்தது தோல்வியின் விடியல். லூசோன் தீவைச் சேர்ந்த பத்தான் குடாநாட்டில் மூன்று மாதங்களாக யப்பானியரை எதிர்த்து நின்ற அமெரிக்க, பிலிப்பைன்ஸ் வீரர்கள் அரை வயிற்று உணவாலும் மலேரியாக் காய்ச்சலாலும் நலிந்து போயிருந்தனர். அவர்களின் தளபதி எட்வேட் கிங் அன்று சரணடைந்தார். ஏறத்தாழ 75,000 பேர் கைதிகளாயினர். கொளுத்தும் வெயிலிலே சான் பெர்னாண்டோ நகர்வரை ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரம் அவர்கள் நடத்திச் செல்லப்பட்டனர். நீரின்றியும், காவலரின் துப்பாக்கிமுனைக் கத்திக்கு இரையாகியும் வழியில் மடிந்தோர் ஆயிரக் கணக்கினர்.

அதே காலையில் இந்து சமுத்திரத்தில் வேறொரு யப்பானியக் கை நீண்டது. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் நான்கு நாட்களுக்கு முன் கொழும்பைத் தாக்கியிருந்தன. இப்போது அவை திருகோணமலையை நோக்கி ஏறத்தாழ 130 விமானங்களை ஏவின. சீனன்குடா விமானத்தளமும் துறைமுகமும் குண்டுகளுக்கு இலக்காயின. முதல் நாள் வந்த எச்சரிக்கையால் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பாற் கண்டுபிடிக்கப்பட்டது. விமானந்தாங்கியான அதனிடம் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. சில நிமிடங்களில் அது மூழ்கியது. 307 பேர் மாண்டனர். துணைக்குச் சென்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயரும் உடன் மூழ்கியது. அவ்வழியே வந்த வீற்றா என்னும் மருத்துவக் கப்பல், நீரிலே தத்தளித்த ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றியது.

மேற்கே, கிரிமியாவில், சோவியத் படைகள் கேர்ச் குடாநாட்டிலிருந்து அன்று மீண்டுமொரு தாக்குதலைத் தொடங்கின. முற்றுகைக்குட்பட்டிருந்த செவஸ்ரப்போல் நகரை மீட்பதே நோக்கம். தாங்கிகளும் காலாட்படையும் முன்னேறிப் பார்த்தும் பயனில்லை. சில நாட்களிலேயே தாக்குதல் தேய்ந்து ஓய்ந்தது.

இன்னும் மேற்கே, மோல்ற்றாத் தீவில், சேர்மானிய விமானங்கள் வழமைபோல் வந்தன. மொஸ்ற்றா என்னும் ஊரின் பெருங்கோயிலில் மாலை வழிபாட்டுக்காக 250க்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். குண்டொன்று மேற்கூரைக் குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு அவர்கள் நடுவே வந்து விழுந்தது, ஆனால் வெடிக்கவில்லை. ஒருவரும் இறக்கவில்லை.

அற்லாந்திக் கடலைத் தாண்டினால், அமெரிக்காவின் யோர்ஜியா மாநிலக் கரையோரத்தில், சேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்று எஸ்பாற்றா என்னும் வணிகக் கப்பலை அன்று மூழ்கடித்தது. போர் அமெரிக்கரின் வாயிற்படிக்கே வந்துவிட்டிருந்தது.

அன்று மாலையில் இச்செய்திகளை ஒருங்கே கேட்டிருப்பாரெனில், நேச நாடுகளுக்கு எத்திசையிலும் தோல்வியே என்று எவரும் முடிவு கட்டியிருப்பர். அம்முடிவு தவறென்று காட்டும் நிகழ்ச்சிகள் இரண்டு அதே நாளில் நிகழ்ந்துகொண்டிருந்தன. அவற்றை அன்று அறிந்தவர் மிகச் சிலரே.

முதலாவது, வட பசிபிக்கிலே மேற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஹோர்னெற் என்னும் அமெரிக்கக் கப்பல். அதன் தளத்தில் 16 குண்டுவீச்சு விமானங்கள் கட்டப்பட்டிருந்தன. அவை ஒன்பது நாட்களின் பின், ஏப்பிரல் 18ஆம் நாள், தோக்கியோவின் மீது பறந்தன. அழிவு சிறிதே. ஆனால் தலைநகருக்கு நேர்ந்த இழுக்கு, மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்துக்கு யப்பானில் எஞ்சியிருந்த எதிர்ப்பை அடக்கிவிட்டது.

இரண்டாவது நிகழ்ச்சி இலங்கைக் கடலிலேயே நடந்தது. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அமைந்த விமானத்தளத்திலிருந்து ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் புறப்பட்டு, நகுமோவின் கொடிக்கப்பலான அக்காகியைக் கண்டு தாக்கின. குண்டுகள் குறிதவறிக் கடலில் வீழ்ந்தன. விமானங்கள் பல திரும்பவில்லை. ஆயினும் குண்டுகள் அருகே விழும்வரை, தலைக்கு மேலே பகைவர் வந்ததை அக்காகி அறியவில்லை. அதற்கு றேடார் கருவி இல்லை. வெற்றியின் களிப்பிலே இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை.

1942 யூன் 4ஆம் நாள் மிட்வே அருகே அதே குறை விலை கேட்டது. காணாது வந்த அமெரிக்க விமானங்களால் அக்காகி எரிந்தது. இலங்கையைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளுள் அக்காகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் அப்போரிலே அழிந்தன.

ஆகவே, ஒரு நாளின் வெற்றி தோல்வியை அந்நாளிலேயே கணக்கிட்டு முடித்துவிடல் இயலாது. ஆயினும் பின்வந்த வெற்றியைக் காட்டி அன்று மாண்டவரின் துயரைக் குறைத்துக் கூறுவதும் நீதியாகாது. பிலிப்பைன்ஸ் மக்கள் ஏப்பிரல் 9ஆம் நாளை வீரத் திருநாளாக ஆண்டுதோறும் நினைவுகூருகின்றனர். அன்று பத்தானில் கிட்டியது தோல்வியே என்பதை அறிந்துகொண்டே அவர்கள் அதனைப் போற்றுகின்றனர். மட்டக்களப்புக் கடலின் அடியிலே ஹேர்மிஸ் இன்றும் கிடக்கிறது. மேலே மீன்பிடிப் படகுகள் செல்கின்றன.