தோள் காயமுற்றோருக்கான ஈத்தூண்டில் வீச்சு

தோள் காயமுற்றோருக்கான ஈத்தூண்டில் வீச்சு என்பது, தோள்மூட்டில் காயமோ அழற்சியோ உடையவர்கள் ஈத்தூண்டில் மீன்பிடிப்பைத் தொடர்வதற்காக வீச்சு முறையிலும் கருவியிலும் செய்துகொள்ளும் மாற்றங்களைக் குறிக்கும். ஈத்தூண்டிலில் தூரத்தைத் தருவது பெரும்பாலும் கோலின் வளைவும் நூலின் எடையுமே. தோளின் வலிமை அன்று. ஆகவே கையை உயர்த்தாமலும் வீச இயலும் என்பதே இம்மாற்றங்களின் அடிப்படை ஆகும்.

வீச்சின் இயக்கம்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துச் செல்கிறது. இறகும் நூலும் கொண்டு கட்டப்படும் செயற்கை ஈயோ ஏறத்தாழ எடையற்றது. எனவே இங்கு எறியப்படுவது தடித்த தூண்டில் நூலே ஆகும். பின்வீச்சில் நூல் முழுதும் நீண்டபின் கோலை முன்னே நகர்த்தினால், நூலின் எடை கோலை வளைக்கிறது. கோலைச் சட்டென நிறுத்தும்போது வளைவு விடுபட்டு நூலை முன்னே செலுத்துகிறது.

தோளில் ஏற்படும் சிக்கல்

தோள்மூட்டை நான்கு தசைகளின் தசைநாண்கள் சூழ்ந்துள்ளன. அவற்றுள் ஒன்று தோளின் உச்சி எலும்புக்குக் கீழுள்ள குறுகிய இடைவெளியில் செல்கிறது. இத்தசைநாண் நலிவுற்றவர்களுக்குக் கையைப் பக்கவாட்டில் ஏறத்தாழ 60 முதல் 120 பாகை வரை உயர்த்தும்போது வலி மிகுகிறது. முழங்கையை உயர்த்தி வீசுவோரின் கை இவ்வெல்லைக்குள் மீண்டும் மீண்டும் வந்து செல்கிறது. சர்க்கரை நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படும் 'உறைந்த தோள்' நிலையில் கையை உயர்த்துவதே கடினமாகும்.

வீச்சு முறை மாற்றங்கள்

* தாழ்ந்த முழங்கை: மேற்கை உடலை ஒட்டியிருக்க, முழங்கையை ஒரே மட்டத்தில் நகர்த்துதல். அமெரிக்கப் பயிற்றுநர் லெஃப்டி கிரே (1925–2018) இதனை வலியுறுத்தினார்.
* பக்கவீச்சு: கோலைத் தலைக்கு மேல் கொண்டுசெல்லாமல், தரைக்கு இணையாக வீசுதல்.
* உருள்வீச்சு: பின்வீச்சு இன்றி, நீர்ப்பரப்பில் கிடக்கும் நூலை வளையமாக உருட்டி முன்னே செலுத்துதல். நூலை நீர் பற்றிக்கொள்வதால், இதனைப் புல்வெளியில் பயில்வது கடினம்.
* இருகை வீச்சு: நீண்ட கோலின் அடியைக் கீழ்க்கை இழுக்க, மேற்கை நெம்புமையமாக அமைதல். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றின் பெயரால் இம்முறை அறியப்படுகிறது.
* மாற்றுக்கை: காயமுறாத கையால் வீசப் பழகுதல்.

நூலை நீரில் விடாமல் முன்னும் பின்னும் ஆட்டும் வெற்றுவீச்சுகளைக் குறைப்பது இவை அனைத்திற்கும் பொதுவானதாகும்.

கருவி மாற்றங்கள்

தூண்டில் நூல்கள் எடைக்கேற்ப எண்ணிடப்படுகின்றன. முதல் 30 அடி நீளத்தின் எடை 8ஆம் எண் நூலில் சுமார் 13.6 கிராம், 5ஆம் எண் நூலில் சுமார் 9.1 கிராம். சிறிய எண்ணுக்கு மாறும்போது கோலும் இலேசாகிறது. சப்பானின் தென்காரா முறையில் சுழல் உருளையே இல்லை. நூல் கோலின் நுனியிலேயே கட்டப்படுகிறது. நம் ஊர்க் குளக்கரைகளில் காணும் மூங்கில் தூண்டிலும் இத்தகைய அமைப்புடையதே என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில்

ட்ரவுட் தென்னிந்தியாவுக்கு உரிய மீன் அன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் நீலகிரி நீர்நிலைகளில் விடப்பட்டது. அவலாஞ்சியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது. இதனால் தமிழ்நாட்டில் ஈத்தூண்டிலின் வரலாறு நீலகிரியோடு பிணைந்துள்ளது. எனினும் வீச்சுப் பயிற்சிக்கு ட்ரவுட் தேவையில்லை. சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காடு போன்ற இடங்களில், காப்பித் தோட்டங்களும் சில்வர் ஓக் மரங்களும் நெருங்கிய கரைகளில் பின்வீச்சுக்கு இடம் கிடைப்பது அரிது. அங்குத் தோள் நலமுடையோருக்கும் உருள்வீச்சே ஏற்றது. நீர்நிலைக்கு உரியோரின் அனுமதி பெறுதல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

காயத்தின் வகையைப் பொறுத்தே ஏற்ற முறை அமையும். எடுத்துக்காட்டாக, தோள் இடப்பெயர்வு உடையோருக்குக் கையை வெளிப்புறமாகத் திருப்பும் பக்கவீச்சு தீங்காகலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருத்துவர் அல்லது இயன்முறை மருத்துவர் ஒப்புதல் இன்றி வீசத் தொடங்கலாகாது. நூலின்றிக் கோலை மட்டும் அசைத்துப் பார்த்து, பின்னர் குறுகிய நூலுடன் சில நிமிடங்கள் பயில்வது நலம். வலி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும்.