சுற்றளவு ஒன்று, பரப்பு வேறு

ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளி விளையும் நிலமொன்றைச் சகோதரர் இருவர் பாகம் பிரிக்க முற்பட்டபோது, ஃபராயிள் முறைப்படி பங்கு சொல்ல நம்மை அழைத்தனர். இருவருக்கும் சமபங்கு என்பதில் ஐயமில்லை. இரு துண்டுகளையும் சுற்றி வேலியிட 800 அடியே தேவைப்படுவதால் பங்கு சமமே என்றார் மூத்தவர். ஒரு துண்டு 200 அடிச் சதுரம். மற்றது 300 அடி நீளமும் 100 அடி அகலமும் கொண்டது. பெருக்கிப் பார்த்தால் முன்னது 40,000 சதுர அடி, பின்னது 30,000. ஏறத்தாழ 23 சென்ட் வித்தியாசம் வேலிக் கணக்கில் மறைந்திருந்தது.

இப்பிழை புதிதன்று. நிலப் பங்கீட்டில் சுற்றளவைக் காட்டிப் பிறரை ஏமாற்றியோரைப் பற்றி 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க அறிஞர் புரோக்ளஸ் எழுதியுள்ளார். அப்படியாயின், குறித்த சுற்றளவுக்குள் மிகுந்த பரப்பை அடக்கும் வடிவம் எது? வட்டம். அதே 800 அடியை வட்டமாக வளைத்தால் ஏறத்தாழ 50,900 சதுர அடி கிடைக்கும். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஸெனோடோரஸ் இதனை ஆராய்ந்தார். வானம் கோளவடிவம் என்பதற்குத் துணையாகத் தாலமி தம் அல்மஜிஸ்தியில் இதனை எடுத்தாண்டார்.

அந்நூல் அரபியில் பெயர்க்கப்பட்டபின் அல்கிந்தி இப்பொருள் பற்றித் தனி நூல் எழுதினார். 10ஆம் நூற்றாண்டில் குராஸானைச் சேர்ந்த அபூ ஜஅஃபர் அல்காஸின், அல்மஜிஸ்தியின் முதற்பகுதிக்கு எழுதிய விரிவுரையில் படிப்படியான நிறுவலைத் தந்தார். அவருக்குப்பின் ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம் இதற்கெனத் தனி நூலே இயற்றினார். சம சுற்றளவுள்ள ஒழுங்குப் பலகோணங்களில் பக்கங்கள் மிகுந்ததே பெரிது என்றும், வட்டம் அவை அனைத்தையும் விஞ்சும் என்றும் அவர் நிறுவினார்.

இவ்விடத்தில் நாம் ஓர் உண்மையை மறைக்கலாகாது. கோளத்துக்கும் அதே வழியில் நிறுவ அவர் முனைந்தார்; அம்முயற்சி நிறைவு பெறவில்லை. பலகோணத்தின் பக்கங்களைப் பெருக்கிக்கொண்டே வட்டத்தை நெருங்கலாம். ஒழுங்குப் பன்முகத் திண்மங்களோ ஐந்துதான்; அவற்றைக் கொண்டு கோளத்தை நெருங்க இயலாது. எனினும், அம்முயற்சியினூடே திண்மக் கோணம் பற்றி அவர் செய்த ஆய்வு, தோல்வியிலும் விளைந்த செல்வமாகும்.

ஐரோப்பாவிலும் இவ்வழி எளிதாயில்லை. 1838இல் ஸ்டைனர் வட்டத்துக்கு நேர்த்தியான நிறுவல்கள் தந்தார். ஆயினும் விடையாக ஒரு வடிவம் உண்டு என்பதை நிறுவாமலே எடுத்துக்கொண்டார். அக்குறையை வயர்ஷ்ட்ராஸ் நீக்கினார். கோளத்துக்கான முழு நிறுவல் 1884இல் ஷ்வார்ஸிடமிருந்து வந்தது.

நீளத்தை அளக்கும் முறை மாறினால் விடையும் மாறும் என்பது பின்னர் தெளிந்த உண்மை. கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் செல்லும் வரப்புகளில் மட்டுமே நடந்து தூரத்தை அளப்பதாகக் கொள்வோம். 10 அடி விட்டமுள்ள வட்டத்தின் சுற்று அப்போது 40 அடி. அவ்வட்டத்தை உள்ளடக்கும் சதுரத்தின் சுற்றும் அதுவே. ஆகவே அங்கே வெல்வது வட்டமன்று, சதுரமே. இவ்வாறு வேறுபடும் அளவைமுறைகள் அனைத்துக்கும் தளத்தில் பொதுவான விடையை 1947இல் புஸெமன் கண்டார். அளவை எதுவாயினும் வெல்லும் வடிவம் குவிந்ததே. விண்மீன்போல் உட்குழிந்த வடிவின் குழிகளை நேர்கோட்டால் அடைத்தால் சுற்று கூடாது, பரப்பு பெருகும் என்பதே காரணம்.

எல்லாம் நம் முன்னோர் கண்டதே என்று மேடையில் முழங்குவது எளிது. கண்டது எது, எஞ்சியது எது எனப் பிரித்துச் சொல்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. தர்ஸே நிஜாமியில் ஒருகாலத்தில் நஸீருத்தீன் தூஸியின் யூக்ளிட் நூலுக்கும் இடமிருந்தது. இன்று பெரும்பாலான மதரஸாக்களில் அந்த இடம் வெறுமையாக உள்ளது. பங்கின் விகிதத்தை மனனம் செய்த மாணவன், நிலத்தின் பரப்பை அளக்கத் தெரியாதவனாயின், வாரிசின் உரிமையை எங்ஙனம் காப்பான்?

அச்சகோதரர் இருவரும் எல்லைக் கல்லை மாற்றி நட்டனர். பங்கு சமமாயிற்று, மூத்தவர் நம்மிடம் கேட்ட ஒரே கேள்வி, இதை மதரஸாவில் சொல்லித்தருகிறீர்களா என்பதே.